பவர்ஹவுஸுக்குள் இறங்கிப் பார்த்து வாங்குங்கள்

பராமரிப்பு மென்பொருள் ஒன்று வாங்கப் போகிறோம், எது நல்லது என்று கொஞ்ச காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் சின்ன நீர்மின் நிலையங்களில் வேலை செய்பவர்கள். ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்பு நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். இரவு இரண்டு மணி, மழை கொட்டுகிறது, ஒரு பெயாரிங் வழக்கத்தைவிட நாலு பாகை கூடச் சூடாக இருக்கிறது, அலாரம் இன்னும் அடிக்கவில்லை. அதை யார் எழுதுவார், எதில் எழுதுவார், எந்த மொழியில் எழுதுவார், காலையில் அதை யார் வாசிப்பார்? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் சுமாரான மென்பொருள்கூட நன்றாகவே வேலை செய்யும். பதில் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது கொழும்பு ஒபிஸில் யாரோ பார்க்கும் ஒரு திரையாக நின்றுவிடும்.

நான் எந்த மாதிரி நிலையங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலையகத்து மின்சாரம் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பெரியவைதான். கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை என்று அணைகள் கட்டி, 1950இல் ஓடத் தொடங்கிய பழைய லக்ஷபானவுக்குப் பின்னால் விமலசுரேந்திர, பொல்பிட்டிய, புதிய லக்ஷபான, கெனியன் என்று வரிசையாக வந்தவை, அந்தப் பக்கம் கொத்மலை, தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் வந்த 150 மெகாவாட் மேல் கொத்மலை. அவற்றுக்கென்றே பொறியியலாளர்கள், தனிப் பராமரிப்புப் பிரிவு, வேர்க்‌ஷொப் எல்லாம் உண்டு. நாங்கள் இருப்பது 10 மெகாவாட்டுக்குக் கீழே. தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடும் ஓயாவில் ஒரு குறுக்கணை, அங்கிருந்து மலையோரமாக வரும் கால்வாய், அந்தத் தண்ணீர் வந்து தேங்கும் ஃபோர்பே தொட்டி, அதைக் கீழே இறக்கும் பென்ஸ்டொக் குழாய், கீழே பள்ளத்தில் மெஷின் இருக்கும் பவர்ஹவுஸ். ஷிப்டுக்கு ஒரு ஒபரேட்டர், கூடிப்போனால் அவருக்கு ஒரு உதவியாள். பராமரிப்புக்கு என்று தனியாக இரண்டு மூன்று பேர், அவர்களே இரண்டு மூன்று நிலையங்களுக்கும் ஓடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு காலமும் பராமரிப்பைத் தாங்கி வந்தது லொக் புத்தகம். மணிக்கொரு தரம் மெகாவாட், வோல்டேஜ், பெயாரிங் சூடு, ஃபோர்பே மட்டம், மெஷினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஒயில் பிரஷர் என்று எண்களை வரிசையாக எழுதுவார்கள். அந்த எண்களை இப்போது ஸ்காடாவே, அதாவது மெஷினைக் கணினியில் கண்காணிக்கும் அமைப்பே, பதிந்துவிடுகிறது. எனக்கு முக்கியம் கடைசிக் கட்டம், குறிப்பு எழுதும் இடம். அது ஒரு விரல் அகலத்துக்குத்தான் இருக்கும், அதற்குள் இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி எழுதியிருப்பார்கள். ‘மழை. ரேக் மூன்று தரம் சுத்தம். ரெண்டாம் மெஷின் பின்பக்கம் ஓயில் கசிவு, துணி கட்டியிருக்கு. சத்தம் லேசா வித்தியாசம்.’ இதுதான் ஒரு பதிவு. இதில் கடைசி மூன்று சொற்கள் எந்த மீட்டரிலும் வராது. அந்த மெஷினோடு பல வருடம் இரவு கழித்த ஒருவரின் காது சொன்னது அது. நான் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் இந்த ஒரு விரல் அகலக் கட்டம் அதில் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

விற்க வருகிறவர்கள் ஸ்காடாவையும் பராமரிப்பு மென்பொருளையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள். இரண்டும் வேறு. மெஷின் இந்த நிமிடம் எப்படி ஓடுகிறது என்பதை ஸ்காடா காட்டும். பராமரிப்பு மென்பொருள் வைத்திருக்க வேண்டியது மெஷினின் வரலாறு: என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன, எதற்கு எப்போது என்ன வேலை செய்தோம், யார் செய்தது, என்ன சாமான் போட்டது, அடுத்து எப்போது. இதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் ஜொப் கார்ட், ஸ்டோர் கணக்கு, அட்டவணை எல்லாம் வந்துவிடும். ஸ்காடாவிலிருந்து ஓட்ட மணித்தியாலத்தை இது தானாக எடுத்துக்கொண்டால் நல்லது. முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு தரம் கையால் போட்டாலும் எங்கள் அளவுக்குக் குடி முழுகிவிடாது. அந்த இணைப்புக்கென்றே பெரிய தொகை கேட்டால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

மென்பொருளைப் பார்ப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கம்பனியும் நமக்காகச் செய்து தராது. நிலையத்தில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் நடந்து போய்ப் பார்த்து, பெயர் வைத்து, பட்டியல் எடுப்பது. பெரிய மின் நிலையங்களில் கே.கே.எஸ். என்ற குறியீட்டு முறை உண்டு, ஜெர்மனியில் 1970களில் மின் நிலையங்களுக்காகவே உருவானது, ஜெனரேட்டர் என்றால் எம்.கே. என்று எழுத்துகளில் தொடங்கி ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எண் வரும். மூன்று மெகாவாட் நிலையத்துக்கு அவ்வளவும் வேண்டாம். நிலையம், மெஷின் எண், தொகுதி, உறுப்பு என்று நாலு துண்டு போதும். ஆனால் அந்த நாலு துண்டு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், உறுப்பின் மேல் பெயின்டால் எழுதியும் இருக்க வேண்டும். கூலிங் வோட்டர் பம்ப் ஒன்றை ஒருவர் ‘பம்ப் 1’ என்றும் இன்னொருவர் ‘ஆத்துப்பக்கப் பம்ப்’ என்றும் பதிந்தால் அதன் வரலாறு இரண்டாகப் பிளந்துவிடும், மூன்று தரம் சீல் மாற்றிய பம்ப், ஒரு தரம் மாற்றிய ஒன்றும் இரண்டு தரம் மாற்றிய ஒன்றுமாக இரண்டு பம்பாகத் தெரியும். குளிர்காலத்து வறண்ட நாட்களில், தண்ணீர் குறைந்து மெஷின் நிற்கும் சமயத்தில் இந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். ஒபரேட்டர்களையும் கூட்டிக்கொண்டே எடுங்கள், அவர்களுக்குத் தெரிந்த வால்வுகள் வரைபடத்தில் இருக்காது.

சரி, சந்தையில் என்ன இருக்கிறது.

ஒரு பக்கம் பெரியவை. மெக்சிமோ, 1985இலிருந்து இருப்பது, 2006இல் ஐ.பி.எம். வாங்கியது. எஸ்.ஏ.பி.யின் பராமரிப்புப் பகுதி. ஐ.எஃப்.எஸ்., சுவீடன் கம்பனி, ஆனால் அதன் வேலையில் கணிசமான பகுதி நம் நாட்டுப் பிள்ளைகளின் கையால் நடக்கிறது. இவையெல்லாம் திறமையானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூறு மெகாவாட்டுக்கு மேல், ஸ்டோரில் ஆயிரக்கணக்கான சாமான், பல நிலையங்களுக்கு ஒரே கொள்வனவுப் பிரிவு என்றிருந்தால் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் மாதிரி இடத்துக்கு இவற்றை அமைத்துக் கொடுக்க ஒரு ஆலோசகர், பார்த்துக்கொள்ள ஒரு தனி ஆள் என்று வேண்டியிருக்கும், அந்த ஆளின் சம்பளத்துக்கு நான் இன்னொரு ஃபிட்டரை எடுப்பேன்.

நடுவில் போனில் ஓடும் புதிய வகை. அப்கீப், மெயின்டெய்ன்எக்ஸ், லிம்பிள், ஃபிக்ஸ் என்று நிறைய. பழகச் சுலபம், படம் எடுத்து ஒட்டலாம், ஆளுக்கு மாதம் இத்தனை டொலர் என்று விலை. மூன்றாவது, திறந்த மூலத்தில் உள்ளவை: ஓடூவில் ஒரு பராமரிப்புப் பகுதி இருக்கிறது, ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் இருக்கிறது, ஓபன்மெயின்ட் இந்த வேலைக்கென்றே செய்தது. லைசன்ஸ் காசு இல்லை அல்லது குறைவு, ஆனால் ஒரு சேர்வர், அதைப் பார்த்துக்கொள்ள கொஞ்சம் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். கண்டியிலும் கொழும்பிலும் இதைச் செய்து தரும் சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கின்றன, ரூபாயில் பில் போடுவார்கள், தமிழிலோ சிங்களத்திலோ பேசலாம்.

ரூபாய் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 350ஐத் தாண்டியது, காசு கையில் இருந்தாலும் வங்கியில் டொலர் இல்லை. டொலரில் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்த எவருக்கும் அந்த மாதங்களை மறக்க முடியாது. அதனால் இப்போது நான் எல்லாக் கம்பனியிடமும் கேட்பது, மூன்று மாதம் எங்களால் பணம் அனுப்ப முடியாமல் போனால் எங்கள் பதிவுகளுக்கு என்ன ஆகும்? கணக்கை மூடிவிடுவீர்களா, வாசிக்க மட்டும் விடுவீர்களா, அழித்துவிடுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆளுக்கு இத்தனை என்ற விலையில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. செலவைக் குறைக்கவென்று எல்லா ஒபரேட்டருக்கும் சேர்த்து ஒரே கணக்கை எடுப்பார்கள், ‘ஒபரேட்டர்’ என்ற பெயரில். அன்றோடு யார் எழுதியது என்பது போய்விட்டது. யாரிடம் திருப்பிக் கேட்பது என்றும் தெரியாது, எழுதியவருக்கும் அது தன்னுடையது என்று தோன்றாது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் நீர்மின்சாரத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியதற்கு முன்பிருந்தே இந்த மலைகளில் தோட்டத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் டேர்பைன் சுழற்றியிருக்கின்றன. அவற்றுக்கு எண்ணெய் விட்டு, கால்வாய் வெட்டி, சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அந்த அறிவெல்லாம் அவர்களோடேயே போய்விட்டது. தோட்டங்களுக்கு முதல் தொழிலாளர்கள் வந்ததாகச் சொல்லும் 1823ஐக் கணக்கில் வைத்து 2023இல் மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று நினைவுகூர்ந்தோம். இன்றைக்கு அதே லயத்துப் பிள்ளை ஒருவர் ஒபரேட்டராக இருந்து ஒரு பெயாரிங் பழுதாகப் போவதை ஒரு வாரம் முன்பே சொன்னால் அது அவர் பெயரில் பதிவாக வேண்டும். சில மென்பொருள்களில் முறைப்பாடு மட்டும் பதிபவர்களுக்குக் கட்டணம் இல்லை, வேலையை நடத்துபவர்களுக்குத்தான் கட்டணம். அப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

மொழியைப் பற்றி. பட்டன்கள் ஆங்கிலத்தில் இருந்தால் பெரிய தொல்லை இல்லை, நாலைந்து பட்டன்தானே, இரண்டு நாளில் பழகிவிடும். எழுதும் இடம்தான் முக்கியம். எங்கள் ஷிப்டில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் கலந்துதான் இருக்கிறார்கள், அவரவர் மொழியில் எழுதினால்தான் முழுதாக எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘ஓகே’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழுத விடுகிறதா என்பதோடு நிறுத்தாமல் மூன்றைச் சோதித்துப் பாருங்கள். தமிழில் ஒரு குறிப்பு எழுதி, அதிலுள்ள ஒரு சொல்லைப் போட்டுத் தேடுங்கள், கிடைக்கிறதா? அதே குறிப்பை அறிக்கையாக பி.டி.எஃப். எடுங்கள். நிறைய மென்பொருள்கள் விழுவது இங்கேதான். திரையில் அழகாக இருந்த எழுத்து பி.டி.எஃப்.பில் பெட்டி பெட்டியாக வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி ‘கொ’ என்பது மூன்று துண்டாக நிற்கும். அப்புறம் போனில் குரலால் தட்டச்சு செய்து பாருங்கள். கிரீஸ் படிந்த கையோடு நிற்பவருக்கு அது பெரிய உதவி, ஜெனரேட்டர் சத்தத்துக்குள் வேலை செய்யாது, கண்ட்ரோல் ரூமுக்குள் வந்து பேசினால் பரவாயில்லாமல் வருகிறது.

அடுத்தது சிக்னல். பவர்ஹவுஸ் என்றாலே பள்ளத்தின் அடியில், ஆற்றோரமாக, தடித்த கொங்கிரீட் சுவருக்குள் இருப்பது. மேலே ரோட்டில் இரண்டு கோடு காட்டும் போன் உள்ளே வந்தால் ஒன்றும் காட்டாது. மழை பிடித்துவிட்டால் ரூட்டர் இருந்தாலும் லைன் போய்விடும். ‘ஒஃப்லைனிலும் ஓடும்’ என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கம்பனிக்காரர் கொழும்பில் ஏசி அறையில் வைத்து எங்களுக்கு அருமையாகக் காட்டினார். அதே ஆளை நாங்கள் பவர்ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, இப்போது ஒரு புதிய வேலை பதிந்து காட்டுங்கள் என்றோம். ஏற்கெனவே திறந்து வைத்திருந்த பக்கம் மட்டும் தெரிந்தது, புதிதாக ஒன்றையும் பதிய முடியவில்லை, எடுத்த படமும் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், அவர் கூச்சப்பட்டுப் போனார், அவர் பிழை இல்லை, அவருக்கும் அது இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ஒரு வேலையைப் புதிதாகத் திறந்து, படம் ஒட்டி, பழைய வரலாற்றைப் பார்த்து, முடித்து மூட வேண்டும். பிறகு மேலே ஏறி வந்ததும் எல்லாம் தானாகப் போய்ச் சேர வேண்டும். ஒரே வேலையை இரண்டு பேர் சிக்னல் இல்லாமல் திருத்தியிருந்தால் யாருடையது நிற்கும் என்பதையும் கேளுங்கள். பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும் என்றால் அதை எடுக்காதீர்கள்.

இனி மழை. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஃபெக்டரியை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஃபெக்டரியில் ஞாயிற்றுக்கிழமை நிறுத்தலாம். எங்களுக்கு மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்தால் செப்டெம்பர் வரை, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கேட்கவே வேண்டாம், தண்ணீர் இருக்கும்போது மெஷினை நிறுத்துவது காசை ஆற்றில் விடுவதுதான். தேக்கி வைக்க எங்களுக்கு நீர்த்தேக்கம் இல்லை, அந்த நேரம் ஓடாத தண்ணீர் போனது போனதுதான். ஆகவே பெரிய வேலையெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மூன்று மாதத்துக்குள் எல்லா நிலையமும் அதே வெல்டிங்காரரையும் அதே செயின் ப்ளொக்கையும் தண்ணீர் பட்டுச் சுழலும் ரன்னர் சக்கரத்துக்கு உலோகம் ஏற்றித் தரும் அதே வேர்க்‌ஷொப்பையும் தேடி ஓடும்.

ஒரு மென்பொருள் மாதாந்திர வேலையை மாதாந்திரமாகவே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? ஜூன் மாதம் நிறுத்த முடியாது, வேலை சிவப்பாகிவிடும். ஜூலையில் இன்னொரு சிவப்பு. ஓகஸ்டில் திரை முழுக்கச் சிவப்பு, அதற்குப் பிறகு அந்தச் சிவப்பை யாரும் பார்ப்பதில்லை. அல்லது அதைவிட மோசம், செய்யாத வேலைக்கெல்லாம் டிக் போட்டுவிடுவார்கள். பிறகு அந்தப் பதிவில் எது உண்மை என்று பிரிக்கவே முடியாது. ஆகவே கேட்க வேண்டியது: மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலை, நிறுத்தினால்தான் செய்யக்கூடிய வேலை என்று பிரித்து வைக்க முடியுமா? பருவத்துக்குத் தக்கபடி இடைவெளியை மாற்ற முடியுமா? ஒரு வேலை பத்து நாள் பிந்தினால் அடுத்த தேதி பழைய கணக்கிலிருந்து வருமா, செய்து முடித்த நாளிலிருந்து வருமா, அதை வேலைக்கு வேலை நாமே தீர்மானிக்க முடியுமா? ரேக் என்கிற, தண்ணீரோடு வரும் குப்பையைத் தடுக்கும் தட்டியைச் சுத்தம் செய்வது மழையில் மணிக்கொரு வேலை, பெப்ரவரியில் நாளுக்கொரு வேலை, அதைக் கலண்டரில் கட்டி வைக்கவே முடியாது.

இன்னொன்று, இதைக் கவனித்து வைத்திருப்பவர்கள் குறைவு. மழைக்காலத்திலும் மெஷின் நிற்கத்தான் செய்கிறது, நாங்கள் நிறுத்தாமலே. எங்கேயோ மரம் விழுந்து 33 கிலோவோல்ட் லைன் போகும், நாங்கள் மின்சாரம் கொடுக்கும் கிரிட் போனால் நாங்களும் நிற்க வேண்டும், திரும்பி வர ஒரு மணித்தியாலமோ மூன்று மணித்தியாலமோ. அந்த நேரத்தில் ஒபரேட்டர் போனைத் திறந்தால் ‘நிறுத்தினால் செய்யலாம், ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும், சாமான் ஸ்டோரில் இருக்கிறது’ என்ற வேலைகள் மட்டும் ஒரு பட்டியலாக வர வேண்டும். பிரஷ் பார்ப்பது, ஒரு ஃபில்டர் மாற்றுவது, இறுக்கவென்று காத்திருக்கும் போல்ட்கள். இது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை, மூன்று அடையாளமும் ஒரு வடிகட்டலும்தான், ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் சிலதான் இதைச் சுலபமாகச் செய்ய விட்டன. எங்களைப் பொறுத்தவரை போட்ட காசு திரும்பி வந்தது இந்த ஒரு பட்டியலால்தான்.

மழை கொண்டுவரும் மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளத்தோடு வரும் மணல் பெல்டன் வகை டேர்பைனில் ரன்னரின் கிண்ணங்களையும், தண்ணீரைப் பீய்ச்சும் முனையின் நீடிலையும் அரித்துக்கொண்டே போகும். நாங்கள் ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் அதே கிண்ணத்தை அதே கோணத்தில், பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கிறோம். நடுவில் ஓடும் அந்த முகடு புதிதாக இருந்தபோது கத்தி முனை மாதிரி இருக்கும், இரண்டு பருவத்துக்குள் தட்டையாகி ஸ்கேலில் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். இந்தப் படங்களை உறுப்பின் பக்கத்திலேயே தேதி வரிசையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் ரன்னரை எந்த வறட்சியில் கழற்றுவது என்று தீர்மானிக்கலாம். படங்கள் ஒவ்வொரு ஜொப் கார்டுக்குள்ளும் தனித்தனியாகப் புதைந்து கிடந்தால் இருந்தும் பயன் இல்லை. விற்பவரிடம் இதைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு உறுப்பைத் தொட்டால் அதன் எல்லாப் படமும் வருகிறதா என்று.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டேர்பைன் உறைக்குள் ஒரு ஆள் இறங்குகிறார் என்றால் மேலே மெயின் இன்லெட் வால்வு மூடிப் பூட்டியிருக்க வேண்டும், பிரேக்கர் வெளியே இழுத்திருக்க வேண்டும், எர்த் போட்டிருக்க வேண்டும், பூட்டின் சாவி உள்ளே இறங்கியவரின் பொக்கெட்டில் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக் கொடுக்கும் வேலை அனுமதிதான் பெர்மிட். சில மென்பொருள்களை, அந்தப் பெர்மிட்டையும் அதற்குள்ளேயே முடித்துவிடலாம் என்று சொல்லி விற்கிறார்கள். வேலை திறக்கும்போதே பெர்மிட் இல்லாமல் முன்னே போக விடாமல் தடுப்பது நல்லது, அதை நான் கட்டாயம் கேட்பேன். ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதப் பெர்மிட் மெஷினில் தொங்கத்தான் வேண்டும், பூட்டும் அட்டையும் வால்வில் இருக்கத்தான் வேண்டும். சிக்னல் இல்லாத ஒரு பள்ளத்துக்குள் ஒரு மனிதரின் உயிரைப் போன் திரையில் தெரியும் ஒரு பச்சை டிக்கில் வைக்க முடியாது.

ஸ்டோர் கணக்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லா மென்பொருளும் ஓரளவு செய்யும். ஒன்றை மட்டும் பாருங்கள், சாமான் வந்து சேர எத்தனை மாதம் என்பதைப் பதிய இடம் இருக்கிறதா, பக்கத்து நிலையத்தின் ஸ்டோரில் இருப்பதும் தெரிகிறதா. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஒரு கவர்னர் கார்டுக்கும், ஹட்டன் டவுனில் வாங்கக்கூடிய வீ பெல்ட்டுக்கும் ஒரே மாதிரிக் குறைந்தபட்ச இருப்பு வைக்க முடியாது.

அறிக்கைகளில் மயங்காதீர்கள். இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு பழுதுகளுக்கிடையிலான சராசரி நேரம் என்று ஒரு எண்ணைத் தினமும் பார்ப்பதில் ஒன்றும் வராது. முதலாளிக்கும் நமக்கும் வேண்டியது, இந்த வருடம் எத்தனை மணித்தியாலம் நின்றோம், அதில் கிரிட்டால் எத்தனை, தண்ணீர் இல்லாமல் எத்தனை, நம் மெஷினால் எத்தனை. காரணங்களின் பட்டியலை ஒரு பத்துக்குள் வையுங்கள். நூறு காரணம் கொடுத்தால் எல்லோரும் ‘மற்றவை’ என்பதைத்தான் அழுத்துவார்கள்.

சோதனை ஓட்டத்தை மழை மாதத்தில் வையுங்கள், ஒரே ஒரு நிலையத்தில், லொக் புத்தகத்தை நிறுத்தாமல். மார்ச்சில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். மாத முடிவில் லொக் புத்தகத்தின் குறிப்புக் கட்டத்தையும் மென்பொருளில் வந்த குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இருப்பது மென்பொருளில் இல்லையென்றால் ஏன் என்று அந்த ஒபரேட்டரிடமே உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்டபோது எங்கள் மூத்த ஒபரேட்டர் அண்ணன் சொன்னது, ‘எழுதலாம் சேர், ஆனா எழுதினா யாரும் ஒன்னும் சொல்றதில்ல. புத்தகத்துல எழுதினா நீங்க காலையில வந்து பாத்துட்டுக் கேப்பீங்க.’ அதற்குப் பிறகு நாங்கள் ஒரு முறை வைத்தோம். இரவு வந்த ஒவ்வொரு குறிப்புக்கும் காலை ஒன்பது மணிக்குள் யாராவது ஒருவர் பதில் எழுத வேண்டும், ‘பார்த்தேன், இன்றைக்குச் செய்யலாம்’ அல்லது ‘பார்த்தேன், நிறுத்தும்போது செய்வோம், அதுவரை சூட்டைக் கவனியுங்கள்’. அந்தப் பதில் எழுதியவரின் போனுக்குப் போக வேண்டும். இதைச் செய்ய விடாத மென்பொருளை நான் வேறு எது இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். பதில் வரத் தொடங்கிய பிறகு அண்ணன் குரலாலேயே பதிகிறார், படமும் போடுகிறார், கசிவைச் சுற்றி விரலால் வட்டம் கூடப் போட்டு அனுப்புகிறார்.

நாங்கள் எடுத்தது ஓடூவின் மேல் உள்ளூர்ப் பிள்ளைகள் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தது. உங்களுக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் சேர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, டொலரில் கட்ட வழி இருக்கிறது என்றால் போனில் ஓடும் வகையில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும். எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, சோதனையில் பதிந்த எல்லாவற்றையும், படங்களோடு, யார் எப்போது எழுதியது என்ற விபரத்தோடு, ஒரு கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்ததை எக்செலில் திறந்து தமிழும் சிங்களமும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தர மாட்டோம் என்றாலோ, பிறகு பார்க்கலாம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். உறுப்புப் பட்டியல் எடுக்க நாங்கள் பாவித்த வெற்றுப் படிவம் இரண்டு மொழியிலும் என்னிடம் இருக்கிறது. பெல்டன் டேர்பைனுக்கு ஒன்று, ஃபிரான்சிஸ் டேர்பைனுக்கு ஒன்று. வேண்டியவர்கள் எது வேண்டும் என்று சொல்லுங்கள், அனுப்புகிறேன்.